புக்கினா மொழிக்கு மாலை போட்டோம்

நீங்கள் எந்த மொழிக்காவது மாலை போட்டு, விளக்கேற்றி, கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறீர்களா? நான் கும்பிட்டிருக்கிறேன். பிப்ரவரி மாதம், காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், எந்தத் தெருவை முதலில் எழுதினாய் என்று மறுபடியும் பஞ்சாயத்து வரும்.

முடிவு தெரியட்டும் என்று இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்தேன். போன வாரம் தெரிந்துவிட்டது... அதனால் இன்று எழுதுகிறேன்.

அந்த ஊர் நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை கலைவாணி, என்னோடு கல்லூரியில் படித்தவர். ஒரு நாள் போன் செய்தார்.

"தாய்மொழி நாளுக்கு ஸ்கூல்ல 'உலக மொழிகள்'னு ஒரு கண்காட்சி வெக்கிறோம். எந்த நாட்டுக்கு என்ன மொழின்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு. நீதான் பத்திரிகையில எழுதறவனாச்சே."

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற கடைசி மனுஷி அவர்தான். மறுக்க மனம் வரவில்லை.

கண்காட்சி ஒரு சாக்கு. உண்மையில் அன்றைக்குக் கல்வி அதிகாரி வருகிறார். எட்டாவதோடு நிற்கிற அந்தப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்கலாமா, கூடாதா என்று நேரில் பார்த்து எழுதப் போகிறார். பிள்ளைகள் நிறைய இருக்க வேண்டும். ஊர் ஒற்றுமையாக இருக்க வேண்டும். அது போதும்.

இதில் யாரையும்விட அதிகம் தவித்துக்கொண்டிருந்தவர் மஞ்சுளா. தக்காளி போடுகிறவர், பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. அவர் மகள் சிந்து எட்டாவது படிக்கிறாள். ஒன்பதாவது போக வேண்டுமானால் நான்கு வழிச் சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கம் நின்று பஸ் பிடிக்க வேண்டும். திரும்பும்போதும் இதே கதை. "ரோட்டைத் தாண்டி ஒரு படிப்பும் வேணாம்" என்று மஞ்சுளாவின் மாமனார் மாதப்பா சொல்லிவிட்டார்.

"போன வருசம் எங்க தெருவுல மூணு பொண்ணுங்க நின்னுட்டாங்க சார். மூணும் இப்ப பூ பறிக்கப் போவுதுங்க. எங்க சிந்து என்னைய விட நல்லா படிக்குதுங்க" என்றார் மஞ்சுளா, நான் பள்ளிக்குப் போயிருந்த அன்று. சொல்லும்போது அவர் அழவில்லை. முந்தானையால் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சரி, பட்டியல் போட்டேன். ஆட்சிமொழிகள், வட்டார மொழிகள், சிறுபான்மை மொழிகள் என்று மூன்று தலைப்பு. சுவிட்சர்லாந்துக்கு நான்கு மொழி. தென்னாப்பிரிக்காவுக்குப் பன்னிரண்டு, அதில் சைகை மொழியும் ஒன்று. சிங்கப்பூரில் நம் தமிழ் ஆட்சிமொழி. இந்தியாவை மட்டும் மாநிலம் மாநிலமாகப் பிரித்து எழுதினேன். பொலிவியாவுக்கு வந்ததும் ஆடிப்போனேன். முப்பத்தேழு ஆட்சிமொழிகள்! அதில் புக்கினா என்று ஒன்று... அதைப் பேச இன்று உலகத்தில் ஒரு ஆள்கூடக் கிடையாது. ஆனாலும் அரசியல் சட்டத்தில் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது. இதையும் ஒரு குறிப்பாக எழுதி, தர்மபுரியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் அன்வர் பாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

அங்கேதான் சனி பிடித்தது.

அன்வர் பாய் இருபது வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் என்று அடித்துக்கொண்டிருக்கிறவர். மறுநாள் காலை போன்.

"சார், ஃபோட்டோ அனுப்பலீங்களே?"

"யார் ஃபோட்டோ பாய்?"

"மொழிங்க ஃபோட்டோதான்."

"மொழிக்கு ஏது ஃபோட்டோ?"

"ஃபோட்டோ இல்லாம ஃப்ளெக்ஸா? நல்லா இருக்குங்களா? நீங்க வுடுங்க, நானே நெட்ல பாத்துப் போட்டுக்கறேன். அப்பறம் ஒண்ணு கேக்கணும்... அந்த புக்கினா. பேசறவங்க யாரும் இல்லைன்னா, தவறிட்டாங்கன்னுதானுங்களே அர்த்தம்?"

நான் பஸ்ஸில் இருந்தேன். சத்தத்தில் பாதி கேட்டது. "ஆமா, ஆமா" என்று வைத்துவிட்டேன்.

நம் ஊரில் ஃப்ளெக்ஸுக்கு என்று ஓர் எழுதாத சட்டம் உண்டு. உங்களுக்குத் தெரியாததா? மேலே, தவறிப்போன பெரியவர்கள் மாலையும் விளக்குமாக 'நல்லாசியுடன்'. நடுவில் முக்கியப் புள்ளிகள் ஆளுயரத்துக்கு. அடுத்து கொஞ்சம் சின்னதாகப் பங்காளிகள். கடைசியில் 'இவண்' என்று போட்டு, ஸ்டாம்ப் சைஸில் இருபது பேர், கையைக் கட்டிக்கொண்டு.

அன்வர் பாய் உலகத்தை அப்படியே அடுக்கிவிட்டார். ஒவ்வொரு மொழிக்கும் நெட்டில் அகப்பட்ட ஏதோ ஒரு படம்; ஆட்சிமொழிகள் ஆளுயரம். வட்டார மொழிகள் பாதி. 'இவண்: சிறுபான்மை மொழிகள்' என்று அடியில் ஸ்டாம்ப் சைஸ். எல்லாவற்றுக்கும் மேலே, மாலையோடு புக்கினா. அதற்கு ஃபோட்டோ கிடைக்காமல், பொலிவியா என்று தேடி, ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் இடைப்பட்ட ஒரு பிராணியைப் போட்டிருந்தார்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பே ஃப்ளெக்ஸைக் கட்டியது கலைவாணியின் தப்பு. ஊர் கூடிவிட்டது.

அந்த ஊரில் மேலத்தெரு தெலுங்கு, கீழத்தெரு கன்னடம், நடுத்தெரு தமிழ். ஆனால் எல்லோரும் மூன்றும் பேசுவார்கள். தக்காளி விலை விழுந்த அன்று எந்த மொழியில் திட்டினோம் என்று அவர்களுக்கே நினைவிருக்காது. இத்தனை வருடத்தில் மொழிக்காக ஒரு வாய்ச்சண்டைகூட வந்ததில்லை. ஸ்டாம்ப் சைஸ் வந்தது... சண்டையும் வந்தது.

மேலத்தெரு நாராயணப்பா ஆரம்பித்தார். "ஆந்திரான்னு போட்ட எடத்துல எங்க தெலுங்கு இம்மாம் பெருசு. தமிழ்நாடுன்னு வந்தா ஸ்டாம்ப் சைஸ். ஒரே மொழிதானுங்களே? எல்லையில குப்பம் தாண்டி வர்றதுக்குள்ள எளச்சிப் போச்சா?"

"எங்க கன்னடமும் அப்பிடித்தான் கெடக்குது. இந்தத் தமிழுக்கு மட்டும் மூணு ஃபோட்டோ!" என்றார் கீழத்தெரு மாதப்பா.

நடுத்தெருக்காரர்கள் சும்மா இருந்திருக்கலாம். "சிங்கப்பூர்ல பெருசா போட்டீங்க, சரி. மலேசியாவுல எதுக்குத் தமிழு ஸ்டாம்ப் சைஸு? அதையும் பெருசாக்குங்க" என்று அவர்கள் பங்குக்குக் கிளம்பினார்கள்.

நான் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். ஆட்சிமொழி என்பதெல்லாம் விலாசத்தைப் பொறுத்தது. காரிமங்கலத்தில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி கர்நாடகாவில் ஒரு டீ குடிப்பதற்குள் நம் தமிழும் அங்கே 'இவண்' வரிசைக்குப் போய்விடும் என்றேன். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய உண்மை! ஆனால் யார் கேட்டார்கள்? "இவரு எழுதிக் குடுத்ததுதான் எல்லாம்" என்று நாராயணப்பா என்னைக் கையால் காட்டினார்.

முடிவாக மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையானார்கள். அதிகாரி வருகிற அன்று அந்த இரண்டு தெருவிலிருந்தும் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராது.

பள்ளிக்கூடம் வெறும் வராண்டாவாக நிற்கும். அதிகாரி வந்து எண்ணுவார். ஒன்பதாவது வகுப்பு அதோடு போச்சு. மஞ்சுளா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் மாமனாரே எதிர்க்கட்சி.

"பாய்க்குப் போனப் போடுங்க டீச்சர்" என்றார். "தமிழு, தெலுங்கு, கன்னடம் எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லுங்க. இந்த ஊர்ல சொந்தக்காரங்க இல்லாத மொழியா பாத்துப் போடட்டும்."

"தமிழை எப்பிடிம்மா எடுக்கறது?" என்றது நடுத்தெரு.

"எழுத்து பூரா தமிழ்லதானே இருக்குது? ஃபோட்டோ வேற எதுக்கு?"

அன்றே வேலை தொடங்கியது. ஆங்கிலம் போனது, எல்லோர் வீட்டிலும் அதைப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. அரபி போனது, யாருடைய மச்சானோ சவூதியில் இருக்கிறார். பிரெஞ்சு போனது; பாண்டிச்சேரியில் சம்பந்தம். உலகத்தில் சொந்தக்காரர் இல்லாத மொழி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சல்லடை போட்டுச் சலித்ததில் மிஞ்சியது புக்கினாதான். அதற்கு யார் சண்டைக்கு வருவார்கள்? ஆளுயரத்துக்கு அதுவே நடுநாயகம். அன்வர் பாய் மட்டும் தன் உருதுவை, கீழ் மூலையில் கடைப் பெயரோடு கமுக்கமாகச் சேர்த்துக்கொண்டார். கேட்டதற்கு, "அது வெளம்பரம் சார்" என்றார்.

விழா நாள். இரண்டு தெருவும் திரண்டு வந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சத்துணவு அம்மா, படத்தில் மாலை இருப்பதைப் பார்த்துவிட்டு, யாரோ பெரியவங்க என்று நினைத்து, நிஜச் சாமந்தி மாலை ஒன்றையும் மாட்டி, விளக்கேற்றிவிட்டார். விளக்கு எரிந்தால் நம் கை சும்மா இருக்குமா? எல்லோரும் கும்பிட்டார்கள். நானும்தான்.

அதிகாரி காரை விட்டு இறங்கினார். மாலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி, ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார். பிறகு கலைவாணியிடம் மெதுவாகக் கேட்டார்.

"எப்ப தவறினாங்க?"

"ரொம்ப நாளாச்சுங்க மேடம்."

"இந்த ஊர்க்காரங்களா?"

"இல்லீங்க... பொலிவியா."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். அந்தப் பிராணி சாந்தமாக அவரைப் பார்த்தது. நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். நாராயணப்பாவும் மாதப்பாவும் பாவமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மஞ்சுளாதான் முன்னே வந்தார்.

"அது ஒரு மொழிங்க மேடம். பேச ஒரு ஆளும் இல்லீங்களாம். இருந்தும் அந்த நாட்டுக்காரங்க அதுக்குப் பதவி குடுத்து வெச்சிருக்காங்க. எங்க ஊர்ல பாருங்க, எட்டாவது முடிக்கிற புள்ளைங்க முழுசா உக்காந்திருக்குது. ஒம்போதாவதுன்னு ஒரு வகுப்பு குடுக்கக் கூடாதுங்களா?"

மேடம் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு வருகைப் பதிவேட்டைக் கேட்டார். வரிசை வரிசையாக எண்ணினார். உட்கார்ந்து எழுதினார். போகும்போது சிந்துவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

போன வாரம் கலைவாணி கூப்பிட்டார், போனேன். உயர்நிலைப் பள்ளி என்று புதுப் பலகை. ஒன்பதாம் வகுப்பில் முதல் பெஞ்சில் சிந்து. பூ பறிக்கப் போன மூன்று பெண்களில் இரண்டு பேர் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் மாதப்பா காவலுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"யாரு கிளாஸ் எடுக்கறாங்க?" என்று கேட்டேன்.

ஐந்து ஆசிரியர் பணியிடங்கள் அனுமதியாகியிருப்பதாகவும், ஐந்தும் அரசாணையில் இருப்பதாகவும், ஆள் இன்னும் ஒருவரும் வரவில்லை என்றும் கலைவாணி சொன்னார். பின்னால் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த மஞ்சுளா, துடைப்பதை நிறுத்தினார்.

"தப்பு எம்மேலதான் சார். வகுப்பு வேணும்னு மட்டும் கேட்டுட்டேன்... ஆளோட சேத்துக் கேட்டிருக்கணும்."