வெள்ளை உருண்டையும் வெள்ளிக்கிழமைப் புகையும்

என் மகளுக்குச் சின்ன வயதில் இழுப்பு. மலைநாட்டு மஹய்யாவையில் எங்கள் வீட்டு ஜன்னல்களைக் குளிருக்காக மூடியே வைத்திருப்போம். அவள் மூச்சு இழுக்கிற சத்தம் நான் சமைக்கிற குசினிவரை கேட்கும். ஆஸ்பத்திரியில், வாயில் வைத்து அழுத்தி மருந்தை உள்ளே இழுக்கிற பம்ப் கொடுத்திருந்தார்கள். பம்ப் பழகினால் விடாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மடவளையில் ஹோமியோபதி பார்க்கும் ஒரு முஸ்லிம் பெரியவரிடம் எங்களை அழைத்துப் போனார் என் வீட்டுக்காரர்.

பெரியவர் நல்ல மனுசர். பம்பை நிறுத்தச் சொல்லவில்லை. வெள்ளை உருண்டைகளைக் கொடுத்து, "தங்கச்சி, கற்பூரம், சாம்பிராணி, கோப்பி, இந்த வாசமெல்லாம் ஊட்டுக்குள்ள வாணாம். மருந்து முறிஞ்சி போகும்" என்றார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை காட்டுகிறவர் என் வீட்டுக்காரர். மகளுக்காக நிறுத்தினார். இழுப்பு குறைந்தது. உடனே வாயெல்லாம் பல்லாகத் தெரு முழுக்க உருண்டையின் பெருமை பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொகைய நிப்பாட்டுனோமே, அது கணக்கில்லையா?" என்றேன்.

"ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்!"

கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மாவிடம் உருண்டையைப் பற்றிக் கேட்டேன். "சும்மா சீனி உருண்டையை விட அது கூடுதலா ஒண்டும் செய்யேல்ல எண்டுதான் சோதிச்சுப் பாத்தவை சொல்லினம். புகையை நிப்பாட்டினது நல்லது. பம்பை விடாதேங்கோ" என்றார். வந்து வீட்டில் சொன்னேன். கேட்டால்தானே!

ஆடி வெள்ளி வந்தது. "மருந்து சாப்பிட்டு கொணமாயிருச்சு, இனி பத்தியம் எதுக்கு?" என்று தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டார். வேண்டாமென்று கத்தினேன். பூசை முடிவதற்குள் மகளுக்கு உதடு கறுத்துவிட்டது. அவர் மிச்சமிருந்த உருண்டையைத் தேடி ஓடினார். நான் பம்பை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். கொஞ்சம் மூச்சு வந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போகிற வழியெல்லாம் அவரைத் திட்டினேன்.

வார்டில் மூச்சு சீரான பிறகு, மகள் முகத்தில் வைத்திருந்த மாஸ்க்கை விலக்கி, "அப்பா, சாம்பிராணி போடாட்டி சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டாள்.

அவர் அவள் காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். "கோவிச்சா எங்கிட்ட கோவிச்சுக்கட்டும்மா. நீ பேசாத, மூச்சு விடு" என்றார்.