பென்சில் மரத் தட்டு

மகள் பள்ளிக்கூடம் விட்டு வரப் பத்து நிமிடம் சுணங்கினால் நான் அவளுடைய பென்சில்களை எடுத்துச் சீவத் தொடங்கிவிடுவேன். சீவத் தேவையில்லாதவற்றையும் சீவுவேன். கூர் கூடிப்போய் முனை ஒடிந்து ஒடிந்து விழுகிறது என்று வந்ததும் அவள் முறைப்பாடு சொல்வாள். முல்லைத்தீவு வீதியில் பேருந்து பிந்துவதற்கு ஆயிரம் காரணம் உண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை சும்மா இருக்காது. நாலு நாளில் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போன ஒருவருடைய மகள் நான்.

சீவிய சுருளை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பேன். இப்போதைய பென்சில்களில் மணமே இல்லை. ஏதோ வெளிறிய மரம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பென்சில் மணத்தது.

அப்போதும் நாங்கள் முரசுமோட்டையில்தான் இருந்தோம். அம்மாவின் தம்பியான என் மாமா எங்களோடு இருந்தார். வயல் வேலை இல்லாத நாட்களில் அவர் சுருட்டுச் சுற்றுவார். பனங்கட்டி போட்டுக் காய்ச்சிய கோடா என்ற சாற்றில் புகையிலையை நனைத்து, நிழலில் ஆறவிட்டு, பலகையில் வைத்து உருட்டுவார். பத்துப் பத்தாகப் பனை நாரால் கட்டுவார். அவருடைய விரல் நுனிகள் எப்போதும் பழுப்பாக இருக்கும். ஆனால் அவர் குடிப்பதில்லை. குடித்தவர் அப்பா. காலையில் பாதிச் சுருட்டு, பின்னேரம் மற்றப் பாதி. அம்மாவுக்கு அந்தப் புகை கண்ணில் காட்டக் கூடாது. அப்பா வேலிக்கு அங்கால் போய் நின்றுதான் பற்ற வைப்பார்.

சண்டையால் குடாநாட்டில் விட்டு வந்த வீட்டைப் பார்த்து வருவதற்காக அப்பா கடல்நீரேரியைக் கடந்து போனார். போகும்போது, வந்ததும் குடிக்க ஒரு கட்டுச் சுற்றி வை என்று மாமாவிடம் சொன்னார். மாமா சுற்றி வைத்தார். நாலு நாள் போய் நாலு கிழமை ஆனது. கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது சுருட்டுகளில் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள். வண்டு. மாமா வேறு ஒரு கட்டுச் சுற்றினார். மாரி தொடங்கியிருந்தது. அது பூஞ்சணம் பிடித்தது.

வீட்டில் பெரியவர்கள் அடிக்கடி குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். எனக்கு இருந்த கவலை வேறு. அப்பா வந்து கேட்கும்போது நல்ல சுருட்டு இல்லாவிட்டால், வந்த கையோடு திரும்பிப் போய்விடுவார் என்று எப்படியோ என் மனதில் பதிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்குக் கதவு செய்ய நெடுங்கேணியிலிருந்து ஒரு தச்சர் வந்திருந்தார். கொழும்பில் பெரிய வீடுகளுக்கு வேலை செய்தவர். அவரிடம் மாமா வண்டுக் கதையைச் சொன்னார்.

“சீடர் எண்ட சீமை மரத்தில தட்டடிச்சு, அதில சுருட்டை வைக்க வேணும். வண்டு கிட்டவும் வராது” என்றார் தச்சர்.

“அந்த மரத்துக்கு நான் எங்க போறது?”

“எங்கட காட்டில முதிரை இருக்கு, பாலை இருக்கு. சீடர் இல்லை. கட்டாயம் வேணுமெண்டால் உன்ர மருமகளின்ர பென்சிலை உடைச்சுப் பார். அதுதான் சீடர்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்தத் தவணை எங்கள் வகுப்பில் ஆளுக்கு இரண்டு பென்சில் கொடுத்திருந்தார்கள். பென்சில் கிடைக்காத காலம் அது. கட்டையானதைப் பப்பாசித் தண்டில் செருகி எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய சொத்து. என்னிடமோ மாமா கோடாவுக்கு வாங்கி வைத்திருந்த பனங்கட்டி ஓர் ஓலைக் குட்டான் நிறைய இருந்தது. ஒரு துண்டு பனங்கட்டிக்கு ஒரு பென்சில். ஒரு கிழமையில் முப்பத்தாறு சேர்ந்தது. கிணற்றடியில் குந்தியிருந்து பாதி பிளேட்டால் நிறத்தைச் சுரண்டினேன். விரலில் இரண்டு இடத்தில் வெட்டு. சட்டை மடியில் ஏந்திக்கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தேன்.

“இதெல்லாம் ஆற்ற?” என்று கேட்டார்.

“என்ர.”

அவர் என் வெட்டு விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வேலிக்குத் தட்டி கட்டுவதுபோல, பென்சில்களை ஒன்றோடொன்று நாரால் பிணைத்தார். முதிரைப் பலகையில் சின்னப் பெட்டி அடித்து, அதற்குள் அந்தத் தட்டியைத் தட்டாகப் பொருத்திச் சுவரில் மாட்டினார். மேலே புதுக்கட்டுச் சுருட்டை வைத்தார்.

வெளியே மழை பெய்தது. வீடெங்கும் புதுக் கொப்பி திறந்தாற்போல ஒரு மணம், அதன் அடியில் பனங்கட்டியும் புகையிலையும். நான் பெட்டிக்கு நேர்கீழே பாயில் கிடந்தேன். கண்ணை மூடினால் நீரேரியின் நடுவில் பென்சில் மரங்கள் நின்றன. சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை, கிளை நுனியெல்லாம் கருங்கூர். அவற்றின் கீழே முழங்கால் தண்ணீரில் அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அவசரமில்லாத நடை. கண்ணைத் திறந்தால் மழை. மூடினால் மறுபடி அதே நடை.

மூன்றாம் நாள் சோதனை. வகுப்பில் எழுதப் பென்சில் இல்லை. பின்னேரம் ரீச்சர் குடையோடு எங்கள் வாசலில் நின்றார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். மாமா பெட்டியைத் திறந்து காட்டினார். ரீச்சர் சுருட்டைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், யாருக்கு என்று கேட்டார்.

“அப்பாவுக்கு. வந்தோண்ண குடிக்க” என்றேன்.

ரீச்சர் குடையை மடக்கிக் கதிரையில் சாய்த்துவிட்டு இருந்தார். அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“எல்லாத்தையும் பாதியா வெட்டுங்கோ தம்பி” என்றார் மாமாவிடம். “பாதிப் பென்சிலும் எழுதும். பாதித் தட்டும் தாங்கும்.”

அந்த வருடம் முழுவதும் எங்கள் வகுப்பு நிறமில்லாத பாதிப் பென்சிலால் எழுதியது. பிடிக்கும் இடத்தில் நார் கட்டிய தழும்பு இருக்கும். எங்கள் தட்டு ஒடுங்கி, ஒரு கட்டுக்கு மட்டும் இடம் கொடுத்தது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதிரையில் ஏறிப் பெட்டியைத் திறப்பேன். ஓட்டை இல்லை. பூஞ்சணம் இல்லை. அமத்தினால் மெத்தென்றிருக்கும். மாரி போய், சிறுபோகம் போய், அடுத்த மாரியும் வந்தது. சுருட்டு நேற்றுச் சுற்றியதுபோல இருந்தது. தச்சரின் பேச்சை நான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். எங்கள் தட்டுக்கு வண்டு கிட்டவும் வராது, காலமும் கிட்ட வராது என்பது என் நினைப்பு.

பிறகு மாமா வேலை தேடி வவுனியாப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகும் சுருட்டுப் பழுதாகவில்லை. கட்டு மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. பனை நாருக்குப் பதில் நீல நூல். அம்மாவின் தையல் மெசினில் இருந்த அதே நீலம். சுருட்டுகளும் ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு. மரத்தின் குளிர்ச்சிக்கு அப்படி ஆகுமாக்கும் என்று நினைத்தேன்.

“பாத்தீங்களோ அம்மா, ஒண்டும் நடக்கேல்லை. பென்சில் மரம் நல்ல மரம்” என்றேன் கதிரையில் நின்றபடி.

“ஓம் பிள்ளை. நல்ல மரம்” என்றார்.

அவர் குசினி வாசலில் குந்தியிருந்து பாதித் தேசிக்காய்ப் புளியால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் பழுப்பாக இருந்தன. என்னம்மா கறை என்று கேட்டேன். வாழைப்பொத்தி வெட்டினேன் என்றார்.

அன்று எங்கள் வீட்டில் வாழைப்பொத்திக் கறி இல்லை. பக்கத்து வீட்டுக்கு வெட்டிக் கொடுத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு, பெட்டியை மெல்லச் சாத்தினேன்.