செல்லுக்குத் தெரியாத பாகப்பிரிவினை

இன்று காலை கீரமங்கலம் பஸ்ஸில் மகளுக்கு அவசர அவசரமாக உயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு போனேன். இறங்கியதும் அவளுக்குப் பரீட்சை.

"ஒரு செல் ரெண்டாப் பிரியுறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கிற டிஎன்ஏவை அப்படியே இன்னொரு காப்பி எடுத்துக்கும். அப்புறம்தான் ஆளுக்கு ஒண்ணு."

"காப்பி எடுக்காமப் பிரிய வேற வழியே இல்லையாம்மா?"

"அப்படிப் பிரிஞ்சா பொழைக்காதுடி."

முன்சீட்டில் இருந்த வெள்ளை வேட்டிக்காரர் திரும்பினார்.

"ஏன் இல்லைங்கிறீங்க? நானும் எந்தம்பியும் அப்புடித்தானே பிரிஞ்சோம். இருந்தது ஒரே போர்வெல்லு. மோட்டாரு எனக்கு, குழி அவனுக்குன்னு ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க."

"அப்ப தண்ணி?"

"ரெண்டு பேருக்குமே இல்லைங்க. வாழை பூராம் காஞ்சுபோச்சு. ஆனா பாகத்துல ஒரு குறை சொல்ல முடியாது!"

முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மகள் என்னைப் பார்த்தாள். "இதை எழுதினா மார்க் போடுவாங்களாம்மா?"

இத்தனை கோடி வருஷமாகப் பிரிந்துகொண்டே இருந்தும் செல்கள் தழைத்திருக்கின்றன என்றால், அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். பிரியும்போது அவை நம் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடுவதில்லை.

சரி, உங்கள் வீட்டில் மோட்டார் யாரிடம், குழி யாரிடம்?