சேற்றில் விழுந்த துரை

ஜெர்மன் சண்டை நடந்த காலத்தில், இலங்கையில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே ஊர் ஊராகப் படம் காட்டும் பயாஸ்கோப்காரர் ஒருவர் வந்தார். ஒட்டடைக்கம்பு போல உயரம். விளக்குச் சூட்டில் ஒரு புருவம் கருகிப்போயிருந்தது. தேயிலை அரைக்கும் ஸ்டோரின் சன்னல்களைச் சாக்கால் மூடி இருட்டாக்கினார். படத்தைத் தொடங்குமுன் முன்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது அவர் வழக்கமாம். அன்று எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே உட்கார்ந்திருந்தார்.

திரையில் ஒரு குண்டு வெள்ளைக்காரரை நாய் துரத்தியது. அவர் சேற்றுக்குள் தலைகுப்புற விழுந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. லயங்களில் குடியிருந்த கூலிச் சனம் முழுவதும் முந்தானையாலும் துண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டு துரையின் பிடரியையே பார்த்தது. சிரித்துவிட்டால் நாளைக்கு வேலை இருக்குமா?

பயாஸ்கோப்காரர் குச்சியால் திரையைத் தட்டினார். "பயப்படாதீங்க! இவரு ஜெர்மன்காரத் தொரை!"

தமிழ் தெரிந்த எங்கள் துரைதான் முதலில் தொடையில் தட்டிச் சிரித்தார். அப்புறம் ஸ்டோரின் தகரக் கூரையே அதிர்ந்தது.

ஆட்டம் முடிந்து படச்சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தவரிடம், "நெசமாவே ஜெர்மன்காரருதானாங்க?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? பதுளைக் கடைக்காரங்களுக்கு இவரு வரி வாங்குற தொரை. மொனராகலையில காட்டு இலாகாத் தொரை. எந்த ஊரு யாரு விழுந்தா சிரிக்கும்னு பாத்துத்தாங்க பேரு வைக்கிறேன்."

"தொரைமாரு கிளப்புல?"

"அங்க இவரு பக்கத்துத் தோட்டத்துத் தொரைங்க" என்றார், சிரிக்காமலே.

மறுநாள் பெட்டிகளோடு பெரகலவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அந்தக் குண்டு மனிதரை யாராக்கினாரோ! கேட்காமல் விட்டோமே என்று எனக்கு இன்றும் இருக்கிறது.