எண்பத்து மூன்றில் நிறுத்தியவர்

என்னைப் பெண் பார்க்க வந்தவர் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் உத்தியோகம் என்று சொல்லிக்கொண்டார். எங்கள் டத்தோ கிராமாட் பக்கம் அப்படிச் சொல்லிப் பெண் கட்டிய ஒருவன், கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தால் மூட்டை தூக்குகிறவன். மூட்டை தூக்குவது கேவலமில்லை, பொய்தான் எனக்கு ஆகாது. ஆகவே வந்தவருடைய சட்டைப்பையில் செருகியிருந்த பேனாவைக்கூட நான் நம்பவில்லை.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோப்பி கொடுத்த கையோடு ஒரு சிலேட்டையும் நீட்டினார்.

“தம்பி, 7919 எதாலயாச்சும் மீதியில்லாம வகுபடுமா, பாருங்க.”

அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாது. வீட்டுக்குப் படிக்க வருகிற பையன்களை அண்ணன் இதே எண்ணை வைத்துத்தான் வாட்டுவார். சமையற்கட்டிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் பாடம்.

அவர் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களாகவே எடுத்து வகுத்துக்கொண்டே போனார். கோப்பி ஆறிப்போனது. எண்பத்து மூன்றோடு குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

“எதாலயும் வகுபடாதுண்ணே.”

அண்ணன் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. இந்த எண்ணுக்கு எண்பத்து மூன்று வரை பார்த்தால் போதும் என்று தெரிந்து நிறுத்தினாரா, கை வலித்து நிறுத்தினாரா? அந்தப் பையன்களில் எவனாவது விடையை இவர் காதில் முன்பே ஓதிவிட்டிருந்தால்? சமையற்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்தே கேட்டுவிட்டேன்.

“அதோட ரெண்டைக் கூட்டினா? அப்பவும் எண்பத்து மூணுலயே நிறுத்திடுவீங்களா?”

பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாய் திறக்கிற வழக்கம் இல்லை. அவர் சிலேட்டைத் தொடவே இல்லை.

“மாட்டேன். அடுத்த பகா எண் எண்பத்தொன்பது. அதை அதாலயே பெருக்கினா 7921, நீங்க கேட்ட எண்ணு. அண்ணன் கொடுத்தது அதுக்கு ரெண்டு கம்மி. அண்ணன் எண்ணை எண்பத்தொன்பதோ அதுக்கு மேலயோ ஒண்ணு வகுத்தா, ஜோடியா சின்னது ஒண்ணும் வகுத்திருக்கணுமே. சின்னதையெல்லாம்தான் பார்த்துட்டேனே.”

யாரோ ஓதிக்கொடுத்து வருகிற பதில் இல்லை இது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவருடைய அம்மாவுக்குக் குளிரவில்லை. புடவையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“இப்பவே இவ்ளோ சந்தேகம். நாளைக்கு நம்ம வீட்டுல எதைத்தான் நம்புவா? வாய்யா, போகலாம்.”

அவர் எழுந்திருக்கவில்லை.

“கேக்கட்டும்மா. எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?”

மறைக்க ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லையே. இவராக ஏன் அதைச் சொல்கிறார்? அந்தச் சந்தேகம் தீராமலேதான் அவருக்குக் கழுத்தை நீட்டினேன்.