மோரிபண்டுக்கு ஓர் அர்த்தம்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போகும் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், ஈரக்கூந்தலைக் கொண்டை போட்டிருந்தார். மடியிலிருந்த கணவரின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று அதில் ஒரு சொல்லைத் தொட்டு, "தம்பி, மோரிபண்ட்னா என்னா?" என்று கேட்டார்.

போனில் தேடினேன். சாகும் தறுவாய், முடிவை நெருங்குதல், நலிவு என்று வரிசையாக வந்தன. இருப்பதில் மெல்லியதைப் பொறுக்கி, "வீக்கா இருக்காராம், ஆன்டி" என்றேன்.

"அவ்ளோதானா? வீக்குன்னா சரி பண்ணிடலாம் லா." அவர் முகம் தெளிந்தது. "அப்ப நேரா கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போவல. பாசார்ல நாட்டுக்கோழி, நல்ல கம்பத்துக்கோழியா வாங்கி, சூப்பு வச்சு எடுத்துட்டுப் போறேன்."

கிள்ளானுக்கு முன்னால், ஷா ஆலமிலேயே இறங்கிவிட்டார். ரயில் கதவு மூடக் கொஞ்சம் நேரம் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

கம்பத்துக்கோழி வேக எவ்வளவு நேரமாகும் என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை.