கழுவாத பாட்டில்களும் தூத்துக்குடிப் பயணமும்

கன்டெய்னரைத் திறக்கும்போது நேரில் வரச்சொல்லி சுங்கத்துறை கூப்பிட்டால், திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போன ஆவணியில் நான் போய்வந்ததால் எழுதுகிறேன். வழியை மட்டும் எழுதினால் நான் யோக்கியன் போலத் தெரியும். ஆகவே மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

வேலம்பாளையத்தில் எனக்கு ஒரு குடோன். பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துண்டு வேஸ்டை மூட்டையாக வாங்குவோம். எட்டுப் பெண்கள் உட்கார்ந்து நிறம் பிரித்து, பட்டனையும் லேபிளையும் கிள்ளியெடுப்பார்கள். இந்தத் தொழிலில் அழுக்கும் கலப்பும் குற்றமே இல்லை. கலந்து வந்தால் விலை குறைவு, பிரித்தால் லாபம். இப்போது பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து நூலெடுத்து டி-ஷர்ட் தைக்கிறார்கள் அல்லவா? நானும் ஆசைப்பட்டு, வெளிநாட்டிலிருந்து ஒரு கன்டெய்னர் பாட்டில் துண்டு வரவழைத்தேன்.

எனக்குக் கிடைத்த அனுமதி, கழுவிச் சுத்தம் செய்த துண்டுகளுக்கு மட்டும். நானோ அனுப்புகிறவருக்கு, "கழுவ வேண்டாம், விலையைக் குறையுங்கள், பேப்பரில் கழுவியது என்றே இருக்கட்டும்" என்று மெசேஜ் போட்டேன். துணியைப் போல இதையும் நம் பெண்கள் பிரித்துக் கழுவிவிடுவார்கள் என்ற நினைப்பு. கழுவிய தண்ணீர் எங்கே போகும்? சாயத்தண்ணீரில் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்தே வளர்ந்தவன் நான். தப்பென்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சுங்கத்துறை கூப்பிடவே, புதன்கிழமை அதிகாலை 4.15க்கு வாடகைக் காரில் கிளம்பினேன். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை வழி. சுமார் 330 கிலோமீட்டர். வாடகை கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா 500, சுங்கச்சாவடி தனி. திண்டுக்கல் தாண்டி இட்லியும் வடையும் ஆளுக்கு 90 ரூபாய், சட்னி சுமார்தான். டிரைவர் சுப்பிரமணி பல்லடத்துக்காரர். "ஏனுங்ண்ணா, பெட்டியத் தொறக்கறதுக்கு எதுக்குங்க நீங்க போகோணும்?" என்று கேட்டார். "சும்மா ஒரு பார்மாலிட்டிங்க" என்றேன். அந்த நாளின் முதல் பொய் அது.

10.50க்குத் துறைமுகத்துக்கு வெளியே, பெட்டிகளைத் திறந்து சோதிக்கும் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். என் சுங்க ஏஜென்ட் ஞானராஜ் அண்ணாச்சி வாசலிலேயே நின்றிருந்தார். நான் அனுப்பிய பேப்பரை நம்பி, என் சரக்குக்குத் தன் பெயரில் சுங்கத்தில் விவரம் தாக்கல் செய்தவர் அவர்தான். சரக்கு பொய்யானால் அவருடைய உரிமமே போகலாம். இருபது வருடத் தொழில், அது ஒன்றுதான் அவருக்குச் சோறு.

11.30க்கு கன்டெய்னர் கதவில் போட்டிருந்த சீல் முத்திரையை வெட்டினார்கள். கதவு திறந்ததும் அடித்த நாற்றத்தில் லோடுமேன் இரண்டடி பின்வாங்கினார். புளித்த பால், பழைய குளிர்பானம். மூடியும் லேபிளும் கலந்து நசுங்கிய பாட்டில் துண்டுகள், சிலவற்றில் புழு. அதிகாரி அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுதான் கழுவினதா? யார் பார்த்து டிக்ளேர் பண்ணினீங்க?" என்றார்.

அண்ணாச்சி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தான் மேடம் சரியா விசாரிக்காம விட்டுட்டேன். பார்ட்டி புதுசு, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். நான் தூரத்தில் நகர்ந்த கிரேனை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தாறு வயது ஆம்பளை.

அது போதாதென்று மதியம் மீன் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேருக்கு 360 ரூபாய். நான் பர்ஸை எடுத்தபோது, "எங்க ஊருக்கு வந்திருக்கீக, சும்மா இருங்க சார்" என்றார். என் பிள்ளைகளுக்கென்று மக்ரூன் பாக்கெட் வேறு. வெட்கமில்லாமல் அதையும் வாங்கிக்கொண்டேன்.

2.30க்குக் கிளம்பி எட்டயபுரத்தில் டீ குடித்தபோது மணி 3.20. அண்ணாச்சியிடமிருந்து மெசேஜ்: "உங்க பேருக்கு ஒண்ணும் வராம பாத்துக்கிடுதேன் சார். பதறாமப் போங்க." டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "வண்டியத் திருப்புங்க" என்றேன். சுப்பிரமணி, "எதையாச்சும் மறந்துட்டீங்களாங்ண்ணா?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

4.25க்கு அதிகாரி முன்னால் போனை வைத்து, அனுப்புகிறவருக்கு நான் போட்ட மெசேஜைக் காட்டி, இரண்டு பக்கம் என் கையால் எழுதிக் கொடுத்தேன். "இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். கூனிக்குறுகிப் போனேன்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி சொன்னார்: "கதவத் தொறந்ததும் உங்க மூஞ்சியத்தான் சார் பாத்தேன். ஒரு அதிர்ச்சியும் இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்களே சொல்லுவீகன்னு யார்டுல பாத்தேன். சாப்பிடும்போதும் பாத்தேன்." "மன்னிச்சுக்குங்க அண்ணாச்சி" என்றதற்கு, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

கன்டெய்னர் என் செலவில் திரும்பிப் போகிறது. என்மேல் விசாரணை நடக்கிறது. அண்ணாச்சியை விசாரித்து எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள், உரிமம் தப்பியது.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். அசல் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். யார்டுக்குள் போக அடையாள அட்டையும் மூடிய காலணியும் வேண்டும். பிளாஸ்டிக் இறக்குமதி விதிகள் அடிக்கடி மாறும். ஆர்டர் போடும் அன்றைக்கு என்ன விதி என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் ஏஜென்டிடமும் எழுத்தில் கேளுங்கள். சாம்பிளை நம்பாமல், ஏற்றும்போதே மூட்டைகளை வீடியோவில் பாருங்கள். போக, வர, நடுவில் திரும்பியதையும் சேர்த்து எனக்கு 755 கிலோமீட்டர் ஓடியது. நீங்கள் 660-இல் முடித்துக்கொள்ளலாம்.

நேர்மையான ஏஜென்ட் வேண்டுமென்றால் கேளுங்கள், ஞானராஜ் அண்ணாச்சியின் நம்பரைத் தனியாகத் தருகிறேன். என் ஃபைலை அவர் இப்போது எடுப்பதில்லை. உங்களுடையதை எடுப்பார். நான் அனுப்பியதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.